அனுமதி வரிசை

உலர்வலயப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே யார் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். புளியங்குளச் சந்தியில் இறங்கிக் காட்டுப்பக்கமாக உள்ளே போனால், வளாகத்தின் வாசலில் இதை எழுதிய பலகை ஒன்று நிற்கிறது. மூன்று மொழிகளிலும் நல்ல தடித்த எழுத்து, ஆங்கிலத்தில் 'ராகிங்' என்று. வளாகத்தில் முழுதாகக் கட்டி முடிந்தது அது ஒன்றுதான். விரிவுரை மண்டபத்துக்கு இன்னும் ஒரு பக்கச் சுவர் வரவில்லை. பலகை எவ்வளவு பெரியதென்றால், அதன் பின்னால் முதலாம் வருட மாணவர்கள் அத்தனை பேரையும் முழங்காலில் நிறுத்தி வைக்கலாம். வீதியால் போகிறவர்களுக்குத் தெரியாது. வருடா வருடம் நிறுத்தியும் வைத்தார்கள்.

செந்தூரன் அங்கே முதலாம் வருடத்துக்கு வந்தபோது, கூட வந்தவர்களைவிட அவனுக்கு வயது கொஞ்சம் கூட. ஜெயபுரத்தில் வயல் செய்யும் சின்னராசாவின் மூத்த மகன் அவன். உயர்தரப் பரீட்சையை முதல் முறை எழுதிய வருடம்தான் சின்னராசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன் பிறகு வயலை உழுததும் விதைத்ததும் தண்ணீர் கட்டியதும் செந்தூரன்தான். தகப்பனை இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் அவன்தான். வரம்பில் புத்தகத்தை வைத்துப் படித்தான், புத்தகம் நனைந்தது. இரண்டாம் முறை வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறியது. மூன்றாம் முறை எடுத்தபோதுதான் இடம் கிடைத்தது.

இதற்குள் அவனுடைய தம்பி நிருஷன் முதல் முறையிலேயே நல்ல புள்ளி எடுத்து, அதே பல்கலைக்கழகத்தின் அதே விவசாய பீடத்துக்கு ஒரு வருடம் முந்திப் போய்விட்டான். இந்த நிருஷனைச் சைக்கிள் பாரில் வைத்து முழங்காவிலுக்கு ரியூசனுக்கு ஏற்றி இறக்கியவன் செந்தூரன். தம்பி முந்திக்கொண்டதில் அவனுக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஊரில் யாராவது ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு விசாரித்தால், அவன் போய் இடம் பிடித்து வைத்திருக்கிறான் என்று தானும் சிரிப்பான். தாய் ஜெகதீஸ்வரி அவனை பஸ் ஏற்றிவிடும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். சின்னவன் அங்கே போய் மெலிந்துவிட்டான், கவனமாகப் பார்த்துக்கொள் என்றாள். செந்தூரன் ஓம் என்று சொன்னான். மூத்தவனாகப் பிறந்த நாளிலிருந்து பார்த்துவருகிற வேலைதானே.

வரவேற்பு நாளன்று துணைவேந்தர் சுவரில்லாத பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உரையாற்றினார். "இந்த வளாகத்தில் பகிடிவதை பூச்சியம். கடந்த வருடமும் பூச்சியம். கடந்த வருடம் கிடைத்த முறைப்பாடுகள் யாவற்றையும் குழு அமைத்து விசாரித்து, அவை முறைப்பாடுகள் அல்ல என்ற முடிவுக்கு வந்தோம். ஆகவே முறைப்பாடுகளும் பூச்சியம்" என்றார். கைதட்டினார்கள். அடுத்து மாணவர் இசைவாக்கப் பணிப்பாளர் கலாநிதி சுதாகரன் எழுந்தார். மாணவர்கள் பல்கலைக்கழக வாழ்க்கைக்கு இசைந்து போவதை மேற்பார்வை செய்வது அவருடைய பதவி. "முதலாம் வருடம் கல்விக்கான வருடம் அல்ல. இசைந்து போவதற்கான வருடம். இசைந்து போகிறவர்களுக்குக் கல்வி தானாக வரும். வராவிட்டாலும் பட்டம் வரும்" என்றார். இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

பிறகு புதுமுக மாணவர்களைச் சீனியர்கள் பொறுப்பேற்று வாசல் பலகையின் பின்னால் கொண்டுபோனார்கள். அங்கே சட்டதிட்டங்கள் சொல்லப்பட்டன. சீனியரின் முகத்தைப் பார்க்கக்கூடாது. அவருடைய சேட்டுப் பொத்தான்களில் மேலிருந்து மூன்றாவது தெறியைப் பார்க்க வேண்டும். தார் வீதியில் நடக்கக்கூடாது. அதற்கு அருகே மாடுகள் போகும் தடத்தில் நடக்க வேண்டும். சீனியர் இருக்கச் சொன்னால் கதிரையில் இருக்கலாம், சாப்பிடச் சொன்னால் சாப்பிடலாம். எது கிடைத்தாலும், அடி கிடைத்தாலும், நன்றி சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, சீனியர் எல்லோரும் அண்ணாவும் அக்காவும். ஒருவன் வளாகத்துக்குள் காலடி வைத்த நாள்தான் அவன் பிறந்த நாள் என்று மாணவர் தலைவன் டினோஜன் விளக்கினான். வெளியே எத்தனை வருடம் உயிரோடு இருந்தாய் என்பதைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அக்கறை இல்லை.

செந்தூரன் முழங்காலில் நின்று வரிசையாக வந்த தெறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தெறி வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்குத் தான் எடுத்துக் கொடுத்த சேட்டு அது. தெறி அறுந்தபோது வீட்டில் இருந்த நூலால் அம்மா தைத்தாள். அந்தப் பெரிய பலகையின் பின்னால் கடைசியில் ஒரு சொந்தம் வந்துவிட்டதே என்று தலையை நிமிர்த்திச் சிரித்து, "தம்பி" என்றான்.

டினோஜன் கிட்ட வந்தான்.

"ஆரடா உனக்கு இஞ்ச தம்பி?"

"இவர்... இவன்தான். நிருஷன். என்ரை சொந்தத் தம்பி."

டினோஜன் நிருஷன் பக்கம் திரும்பினான். "மச்சான், உனக்கு இவன் ஆர்?"

நிருஷன் நிலத்தைப் பார்த்தான். அவனோடு படிக்கிறவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "ஜூனியர்" என்றான்.

புதுமுக மாணவர்களுக்கு அங்கே வீட்டில் வைத்த பெயர் செல்லாது. சீனியர்தான் பெயர் வைப்பார். செந்தூரனுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு அன்று நிருஷனுக்கே கொடுக்கப்பட்டது. நிருஷன் முதலில் சொன்ன இரண்டு மூன்று பெயர்கள் பாசம் கூடியவை என்று தள்ளப்பட்டன. கடைசியில், மூன்று முறை பரீட்சை எழுதினவன் என்பதால் 'மூன்றாந்தரம்' என்றான். சபை ஏற்றுக்கொண்டது. செந்தூரன் நன்றி அண்ணா என்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். தம்பியின் காதுமடல் சிவந்துபோனதை மட்டும் கடைக்கண்ணால் கண்டான்.

சில நாள் கழித்து நிருஷன் விதைநெல் களஞ்சியத்தின் பின்பக்கம் அவனைத் தனியே சந்தித்தான். அண்ணா என்றும் கூப்பிடாமல், அந்தப் பட்டப்பெயரையும் சொல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். சீனியர்கள் வருடக் கடைசியில் வைக்கும் வரவேற்பு விழாவோடு இதெல்லாம் முடிந்துவிடும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். தான் விட்டுக்கொடுத்தால், கூடப் படிக்கிற தன் பற்ச் முழுவதும் தன்னை வெட்டி விட்டுவிடும் என்றான். நிருஷனின் வகுப்பில் அப்படி வெட்டி விடப்பட்ட பொடியன் ஒருவன் இருக்கிறான். ஜூனியர்களை முழங்காலில் வைப்பது சரியில்லை என்று ஒரு நாள் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அன்றிலிருந்து அவனோடு ஒருவரும் கதைப்பதில்லை, பக்கத்துக் கதிரையில் இருப்பதில்லை, ஆய்வுகூடத்தில் ஒரு குழுவும் அவனைச் சேர்ப்பதில்லை. பட்டம் வாங்கும் வரைக்கும் அப்படித்தான். அவன் சோறு சாப்பிடும்போது கன்ரீன் நாய்கூட மற்ற மேசைக்குப் போய்விடுகிறது என்று நிருஷன் சொன்னான். செந்தூரனுக்குத் தம்பியின் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதோ தெரியவில்லை. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மாரி தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஸ்வரி பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். நோயாளிப் புருஷனை அயலில் ஒப்படைத்துவிட்டு, விடியவே எழும்பிப் பிட்டவித்து, மீன் பொரித்து, முட்டை அவித்து, வாழையிலையில் கட்டி, மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். தேக்கு மரத்தின் கீழ் சீமெந்து வாங்கில் நிருஷன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். செந்தூரன் எதிரே நின்றான். கன்ரீன் விறாந்தையில் டினோஜனும் கூட்டாளிகளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் ராசா நிக்கிறாய்? இரன்" என்றாள் தாய்.

செந்தூரன் நிருஷனின் சேட்டைப் பார்த்தான். நிருஷன் விறாந்தையைப் பார்த்தான். பிறகு மெல்ல, "இரு" என்றான்.

"நன்றி அண்ணா" என்று சொல்லிவிட்டுச் செந்தூரன் வாங்கின் நுனியில் இருந்தான்.

ஜெகதீஸ்வரி முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பார்சலை அவிழ்த்து, பெரிய மீன் துண்டோடு மூத்தவனுக்கு நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி அப்படியே தம்பிக்குக் கொடுத்தான். முதலில் அண்ணா சாப்பிடட்டும் அம்மா, பிறகு நான், என்றான். அவளுடைய கை இலையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெயபுரத்தில் அண்ணன் தம்பி முகம் கொடுத்துக் கதைக்காமல், ஒருவரை ஒருவர் நக்கலாக மரியாதை போட்டுக் கூப்பிட்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"கொப்பர் உயிரோட இருக்கேக்கையே காணிச் சண்டை துவங்கிட்டியளோ?" என்று கேட்டாள்.

சொல்லக்கூடிய பதில் எதுவும் விறாந்தைக்குக் கேட்காத சத்தத்தில் இருக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரிய மனிசர் யாராவது இருந்தால் சொல்லிச் சமாதானப்படுத்துவோம் என்று அலுவலகத்தைத் தேடிப் போனாள்.

கலாநிதி சுதாகரன் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறவர். அவர் பயந்துபோய் முதலில் கேட்டது, இது பகிடிவதை சம்பந்தமான விஷயமோ என்று. இல்லை, காணிச் சண்டை என்று அவள் சொன்னதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே குழுவைக் கூட்டினார். பீடாதிபதியும் விடுதிப் பொறுப்பாளர் கமலாசனியும் வந்தார்கள். பீடாதிபதி வயதில் சின்னவர். ஒரு காலத்தில் சுதாகரனிடம் படித்தவர், பேராசிரியர் பதவி முந்திக் கிடைத்துவிட்டது. அவர் வந்து சுழல் கதிரையில் அமரும்வரை சுதாகரன் நின்றார். அவர் அமர்ந்து, தலையசைத்த பிறகுதான் தானும் இருந்தார்.

நடந்தது என்ன என்று கேட்கப்பட்டது. காணிச் சண்டை ஒன்றும் இல்லை என்று இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படியானால் ஏன் பெரியவன் சின்னவனை அண்ணா என்கிறான் என்று தாய் கேட்டாள். சுதாகரன் கமலாசனியைப் பார்த்தார். கமலாசனிதான் முதலில் வாயைத் திறந்தார். இந்த வருடப் பிள்ளைகளைப் போல அடக்கமான பிள்ளைகளைத் தன் சேவைக் காலத்தில் கண்டதில்லை என்றார். ஒன்றும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை, இருக்கச் சொல்லாமல் இருப்பதில்லை, சில பிள்ளைகள் சாப்பிடுவதுகூட இல்லை, நல்ல வளர்ப்பு என்று தாயைப் பாராட்டினார்.

"ஐயா, நான் பெத்த வரிசை எனக்குத் தெரியும்" என்றாள் ஜெகதீஸ்வரி.

சுதாகரன் மேசையில் கையை ஊன்றினார். "அம்மா, பிறப்பு வரிசை வீட்டுக்குரியது. அதில நாங்கள் தலையிட மாட்டம். இஞ்ச இருக்கிறது அனுமதி வரிசை. ஆர் முந்தி வந்தாரோ அவர் மூத்தவர். இதில மனவருத்தப்பட ஒண்டும் இல்லை. என்னைப் பாருங்கோ. இந்தா இருக்கிற பீடாதிபதிக்கு அடிப்படைப் பாடம் சொல்லிக் குடுத்தவன் நான். இண்டைக்கு நான் அவரை 'சேர்' எண்டுதான் கூப்பிடுறன். அவர் இரு எண்டால்தான் இருக்கிறன். எனக்கு நோகுதா? துவக்கத்தில நொந்தது. பிறகு இசைஞ்சு போச்சு. இப்ப அவர் இரு எண்டு சொல்லாட்டித்தான் கால் நோகுது."

பீடாதிபதி சுழல் கதிரையை இலேசாகச் சுழற்றினார். வளாக எல்லைக்குள் பிறப்பு வரிசை செல்லாது, அனுமதி வரிசையே செல்லும் என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது. பகிடிவதை எதுவும் இனங்காணப்படவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெகதீஸ்வரி திரும்பிப் போகும்போது செந்தூரன் வாசல்வரை கூட வந்தான். தாய் தார் வீதியில் நடந்தாள். அவன் பக்கத்து மாட்டுத்தடத்தில், முழங்கால் உயரப் புல்லுக்குள் நடந்தான். ஏன் அங்கால போறாய், இஞ்ச வா, என்று அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் பரவாயில்லை அம்மா என்றான். பஸ் வந்ததும் அவள் வெறும் பையோடு ஏறி, கண்ணாடிப் பக்கம் இருந்து கையைக் காட்டினாள்.

மழை தொடங்கியதும் பாம்புகள் வெளிக்கிட்டன. ஒரு பின்னேரம் நிருஷனும் டினோஜனும் இன்னும் சிலரும் பீடத்தின் பயிர்ச்செய்கைத் துண்டுகளின் பக்கமாகத் தார் வீதியில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். செந்தூரன் மாட்டுத்தடத்தில் எதிரே வந்தான். வயலில் கிடந்து பழகிய கண் என்பதால் அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. வீதி ஓரத்துச் சருகில் புடையன் ஒன்று வளையமாகக் கிடந்தது. நிருஷனின் அடுத்த கால் அதன்மேல் போக இருந்தது.

"டேய் தம்பி, காலை வையாதை!"

நிருஷன் ஒற்றைக்காலில் நின்றான். பாம்பு சீறிவிட்டுத் தன் பாட்டில் புல்லுக்குள் இறங்கிப் போனது. நிருஷன் தூக்கிய காலை மெதுவாகப் பின்னால் வைத்தான். மற்றவர்களும் பயந்துதான் போனார்கள். ஆனால் பயம் தெளிந்ததும் அவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் கேட்க, நடு வீதியில், ஒரு ஜூனியர் ஒரு சீனியரை 'டேய் தம்பி' என்று கூப்பிட்டிருக்கிறான்.

அடுத்த நாள் மத்தியானம் விதைநெல் களஞ்சியத்தில் விசாரணை நடந்தது. டினோஜன் நெல்மூட்டையின் மேல் இருந்தான். அநியாயம் நடக்கக்கூடாது என்பதில் அவன் கவனமாக இருந்தான்.

"பாம்பை நாங்கள் ஏற்றுக்கொள்ளுறம். பாம்பு உண்மை. நீ கத்தினதும் சரி. ஆனால் ஒண்டு சொல்லு. 'அண்ணா' எண்டு கூப்பிட எவ்வளவு நேரம் போகும்? 'தம்பி' எண்டு கூப்பிட எவ்வளவு நேரம் போகும்? ரெண்டும் ஒரே நேரம். அப்ப ஏன் 'தம்பி' எண்டு கூப்பிட்டனி? அதுக்கு முன்னால ஒரு 'டேய்' வேற. அந்த டேய் சொன்ன நேரத்துக்குள்ள பாம்பு கொத்தியிருந்தால் ஆர் பொறுப்பு?"

செந்தூரன் யோசித்துப் பார்த்தான். கேள்வியில் பிழை பிடிக்க அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்றான். வாயில் வந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை, அது வராமல் போகும்வரை வளாகத்தின் கடமை முடியாது என்றான் டினோஜன். அவமதிக்கப்பட்டவர் நிருஷன், ஆகவே தண்டனையும் நிருஷன் கையால்தான் என்று தீர்ப்பானது.

நிருஷன் முன்னால் வந்து செந்தூரனின் கன்னத்தில் மெல்லத் தட்டினான். உனக்குக் கை நோகுதோ மச்சான், அல்லது சொந்தம் பார்க்கிறியோ என்று பின்னாலிருந்து கேட்டார்கள். இன்னொருவன், கன்ரீனில் தனி மேசை இன்னும் ஒன்று காலியாக இருக்கிறது என்றான். நிருஷன் இரண்டாம் முறை அடித்தான். அதுவும் போதாது என்றார்கள். மூன்றாவது அடியில் செந்தூரனின் உதடு வெடித்தது. வாயில் இரத்தம் ஊறியது. அடி அவ்வளவு நோகவில்லை. அடித்த கையை அவனுக்குத் தெரியும். ரியூசன் போகும் வழியெல்லாம் சைக்கிள் ஹாண்டிலில் தன் கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்த கை. அதுதான் நொந்தது. தாங்க முடியாமல் நொந்தது. அவன் மூன்றாவது தெறியைப் பார்த்தபடி, "நன்றி அண்ணா" என்றான்.

சுகாதார நிலையத்து வைத்தியர் எங்கே விழுந்தாய் என்று கேட்டார். விழுந்தாயா என்று அவர் யாரையும் கேட்பதில்லை. களஞ்சியப் படியில் என்றான். அந்தப் படியில் வருடா வருடம் நிறையப் பிள்ளைகள் விழுவதாகவும், அதைத் திருத்தச் சொல்லித் தான் பலமுறை அறிவித்துவிட்டதாகவும் வைத்தியர் குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு செந்தூரனுக்கு எல்லாம் இலேசாகிவிட்டது. நிருஷனைக் காணும்போது தம்பி என்று நினைத்து, பிறகு அதை விழுங்கி, பிறகு அண்ணா என்று சொல்வதுதான் இதுவரை கஷ்டமாக இருந்தது. இப்போது முதலாவதை விட்டுவிட்டான். நினைப்பதிலிருந்தே அண்ணா என்று வந்தது. இரவில் நித்திரை வந்தது. சுதாகரன் ஒரு நாள் வழியில் அவனைக் கண்டு, வணங்கிய விதத்தைப் பார்த்து, நீ நன்றாக இசைந்து போய்விட்டாய் என்று முதுகில் தட்டினார். செந்தூரனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாரியில் விதைத்த காலபோக நெல்லை வெட்டத் தொடங்கிய நேரத்தில் சின்னராசா கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். செய்தி வந்ததும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வெளிக்கிட்டார்கள். பஸ்ஸில் சனம் இல்லை. நிருஷன் ஒரு சீற்றில் இருந்து ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். செந்தூரன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவு சீற் கிடக்கு, ஏன் தம்பி நிக்கிறீர் என்று கொண்டக்டர் கேட்டார். மாங்குளம் தாண்டும்போது நிருஷன் தலையை நிமிர்த்தி, அவனைப் பார்த்து, வாயைத் திறந்தான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்ப மூடிக்கொண்டான். பிறகு இரு என்று கையால் மட்டும் காட்டினான். செந்தூரன் அவனுக்குப் பின்சீற்றில் இருந்தான்.

செத்தவீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் வந்தது. இரண்டாம் வருடத்தவர்கள் கறுப்பு வெள்ளையில் பதாகை அடித்துக்கொண்டு வந்தார்கள். எமது நண்பன் நிருஷனின் பாசமிகு தந்தையார் என்று அதில் இருந்தது. முதலாம் வருடத்தவர்களும் ஒன்று கொண்டுவந்தார்கள். விதிப்படி அவர்கள் தங்களில் ஒருவனுடைய பெயரைப் பதாகையில் போட முடியாது. ஆகவே செந்தூரனோடு படிக்கிறவர்கள் அவனுடைய தகப்பன் செத்ததற்கு, எமது அன்பு அண்ணா நிருஷனின் துயரில் பங்குகொள்கிறோம் என்று எழுதிக் கட்டினார்கள். செந்தூரன்தான் ஏணி பிடித்துக்கொடுத்தான்.

சுதாகரன் இரங்கலுரை ஆற்றினார். பீடாதிபதி கதிரையில் இருக்க, அவர் நின்றபடி பேசினார். "அமரர் சின்னராசா ஒரு விவசாயி. அவர் நெல்லை மட்டும் விளைவிக்கவில்லை. எமது நிறுவனத்துக்கு இரண்டு முன்மாதிரி மாணவர்களை விளைவித்துத் தந்தார். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, தன் இளைய சகோதரனை அண்ணா என்று அழைக்கும் அளவுக்குப் பண்பட்டிருக்கிறான். இதை எந்தச் சட்டமும் செய்யவில்லை. எந்தக் கட்டாயமும் செய்யவில்லை. எமது சூழல் செய்தது. அமரரின் ஆத்மா இதைப் பார்த்துப் பூரிக்கும்." சனம் ஒன்றையொன்று பார்த்தது. பிணத்தின் தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி நிறுத்திவிட்டு, பேசியவரின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்து முறைப்படி தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைக்க வேண்டும். குருக்கள் கும்பத்தை வைத்துவிட்டு, தர்ப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, மூத்த மகன் முன்னுக்கு வாங்கோ என்றார்.

ஒருவரும் வரவில்லை. வேட்டியோடு வெறும் மேலாக இரண்டு பேரும் நின்றார்கள். நிருஷன் முன்னால், செந்தூரன் ஓரடி பின்னால், கை கட்டியபடி. குருக்கள் திரும்பவும் கூப்பிட்டார். செந்தூரன் சேட்டில்லாத தம்பியின் மார்பில் மூன்றாவது தெறி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணா, நீங்கள் போங்கோ" என்றான்.

தாய்மாமன் பாய்ந்து வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். மூத்தவன் நீயடா என்றார். செந்தூரன் பணிவாக விளக்கினான்.

"இல்லை மாமா. அவர்தான் முந்தி."

சுதாகரன் பீடாதிபதியின் காதருகே குனிந்து, பார்த்தீர்களா சேர், வளாகத்துக்கு வெளியேயும், என்றார். குருக்களுக்கு முழங்காவிலில் இன்னொரு பிணம் காத்துக்கொண்டிருந்தது. ஆரெண்டாலும் ஒராள் வாங்கோ, வெயில் ஏறுது, என்றார். நிருஷன் தாயைப் பார்த்தான். பிறகு பந்தலின் ஓரத்தில் நின்ற தன் பற்ச்சைப் பார்த்தான். டினோஜன் கண்ணால் போ என்றான். நிருஷன் போனான். தர்ப்பை அவன் விரலில் ஏறியது, கொள்ளிச் சட்டி அவன் கைக்குப் போனது. செந்தூரன் பாடையின் பின்காலைத் தோளில் வாங்கிக்கொண்டு, சுடலைவரை தம்பியின் முதுகைப் பார்த்தபடி நடந்தான். தகப்பனைக் கடைசி நாளிலும் தூக்கிக்கொண்டு போகிறேனே என்று வழியில் ஒரு முறை விம்மல் வந்தது. அதை அடக்கிக்கொண்டான்.

ஆண்கள் சுடலையால் வந்து தோய்ந்த பிறகு வளாக பஸ் புறப்பட ஆயத்தமானது. முதலாம் வருடத்தவர்கள் வரிசையாக நின்றார்கள். செந்தூரனும் ஈரத் தலையோடு போய் வரிசையின் கடைசியில் நின்றான். உனக்கு எட்டாம் நாள் செலவுச் சடங்குவரைக்கும் லீவடா, வீட்டில நில்லு, என்று முன்னால் நின்றவன் சொல்லித்தான் திரும்பி வந்தான்.

பொழுது சாய, அயலார் போன பிறகு, ஜெகதீஸ்வரி குசினி வாசலில் இருந்துகொண்டு இரண்டு பேரையும் கூப்பிட்டாள். இருவரும் முன்னால் வந்து நிலத்தில் இருந்தார்கள். அவள் அழுது முடித்திருந்தாள்.

"முறையெண்டால் கொப்பருக்கு மூத்தவன், எனக்கு இளையவன். இண்டைக்குச் சின்னவன் வைச்சிட்டான். அப்ப எனக்கு ஆர் வைக்கிறது? எனக்கொரு முடிவைச் சொல்லிப்போட்டு அங்க திரும்பிப் போங்கோ."

செந்தூரன் கேள்வியைக் கவனமாக யோசித்தான். அனுமதி வரிசைப்படி தான் கடைசி, ஆகவே அது தன் பொறுப்பு என்று சொல்லலாம் போலிருந்தது. அதற்குள் நிருஷன் உடைந்துபோனான். நிலத்தில் கையை ஊன்றித் தவழ்ந்து வந்து செந்தூரனின் மடியில் முகத்தைப் போட்டு, வளாகத்தில் இருவரும் சேர்ந்த நாளிலிருந்து தன் வாயில் வராத சொல்லைச் சொல்லி அழுதான்.

"அண்ணா... அண்ணா..."

செந்தூரன் திடுக்கிட்டு எழுந்தான். கைகளைப் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, எந்தச் சீனியர் அண்ணா வந்து நிற்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். முற்றத்தில் ஒருவரும் இல்லை. படலையடியிலும் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவன் அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றான்.